அத்தையின் காலும் அம்மாவின் கழுத்தும்

மகனே,

நீ போட்ட கார்டு வந்து சேர்ந்தது. என் சேமம் விசாரிக்க ஒரு வரி, வயலில் நாற்று எப்படி என்று ஒரு வரி. மூன்றாவது வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டாய். மீஞ்சூரிலிருந்து பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வருகிறார்கள், வந்தால் 'அந்த விஷயத்தை' நானாக எடுக்கக் கூடாது, கழுத்து ஏன் திரும்பவில்லை என்று அவர்களாகக் கேட்டால் சுளுக்கு என்று சொல்லிவிட வேண்டும், முந்தானையைக் கழுத்தோடு போர்த்திக்கொள்ள வேண்டும், முடிந்தால் அடுப்படியிலேயே இருந்துவிட வேண்டும். இண்டர் வரை படித்து, பட்டணத்து ஆபீசில் உட்கார்ந்து இங்கிலீஷில் கடுதாசி எழுதுகிறவன் அல்லவா நீ! ரகசியத்தைத் திறந்த கார்டில் எழுதி, அதில் 'அந்த விஷயம்' என்று போட்டுவிட்டால் ஊருக்குப் புரியாது என்று நினைத்திருக்கிறாய். கார்டைக் கொண்டுவந்த தபால்காரர், "இன்னாம்மா, புள்ள உன்ன அடுப்பாண்டயே குந்திக்கச் சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினார்.

இதற்குப் பதில் எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இந்த வீட்டில் சொல்லப்படுகிற பொய்தானே, இன்னும் ஒரு தடவை சொன்னால் என்ன என்று கார்டை அரிசிப்பானை மூடிமேல் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். சாயங்காலம் உன் அத்தை வந்தாள். உன் நைனாவின் அக்காள், அடுத்த தெருவில் குடியிருந்துகொண்டு இந்த வீட்டையும் சேர்த்து ஆள்கிற மகராசி. கல்யாணப் பேச்சை எடுத்தாள், நகையைப் பற்றிக் கேட்டாள், பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "உன் புள்ளிக்கும் கய்த்துதான்டி. தீவாளிலேந்தே நோவுதாம். பொங்கலுக்கு வந்தப்போ தெனம் காத்தால என் ஊட்டாண்ட வந்து படுத்துக்குவான். நாந்தான் காலால நீவி உட்டேன். அம்மாவாண்ட சொல்லிடாத அத்தேன்னு கெஞ்சிகினான், பாவம்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கேசில் ஜெயித்து கச்சேரிப் படியிறங்குகிறவள் முகம் அது.

அதனால்தான் கவர் வாங்கி, தாள் வாங்கி, எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்குக் கழுத்து வலிக்கிறது. தீபாவளியிலிருந்து வலிக்கிறது. அதை என்னிடம் மறைத்து, பட்டணத்தில் இத்தனை ஆஸ்பத்திரிகளை விட்டுவிட்டு, ரயிலேறி வந்து உன் அத்தையின் காலடியில் கவிழ்ந்து படுத்திருக்கிறாய். அது எந்தக் கால் என்று உனக்குத் தெரியும். அது என் கழுத்தில் என்ன செய்தது என்றும் தெரியும். தெரிந்தே போய்ப் படுத்தாய் பார், அதை நினைத்தால் எனக்குக் கோபம்கூட வரவில்லை, உன்மேல் இளக்காரமாக இருக்கிறது. உன்னைப் பெற்று வளர்த்துப் படிக்க வைத்தவள் சொல்கிறேன், இளக்காரமாக இருக்கிறது.

நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வந்து போனபோது பார்த்தது பாதி, பார்க்காதது பாதி. ஆகையால் முழுசாக எழுதுகிறேன், படி. ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்த வருஷம் அது. உன் நைனா மாநாட்டுப் பந்தலைப் பார்த்துவிட்டு வந்து வாரக்கணக்கில் அதையே பேசிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில்தான் எனக்குப் பிடரியில் ஒரு வலி தொடங்கியது. வலி என்றால் குத்தும் வலி இல்லை. உள்ளே யாரோ ஆணியை மெல்லத் திருகுவது போல ஓயாத வலி. முதலில் எல்லோரும் சொன்னது தலையணை. கழுத்துப் பிடித்துக்கொண்டால் தலையணையை வெயிலில் போட வேண்டும் என்று இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். போட்டேன். காய்ந்தது தலையணை. வலி போகவில்லை என்றதும் தலையணையை உலக்கையால் இடிக்க வேண்டும் என்றார்கள். இடித்தார்கள். இலவம்பஞ்சு வீடெல்லாம் பறந்து உன் நைனாவுக்குத் தும்மல் வந்தது. நோய் எனக்கு, அடி தலையணைக்கு. அதை நின்று பார்த்துக்கொண்டிருந்தோமே, அத்தனை பேரும் வயசு வந்தவர்கள்.

தலையணை கைவிட்ட பிறகு உன் அத்தை வந்தாள். அவள் பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்ததாம். அப்படிக் கால் மாறிப் பிறந்தவர்கள் சுளுக்கின்மேல் காலால் நீவினால் சுளுக்கு விட்டுவிடும் என்பது நம்பிக்கை. பிறந்ததைத் தவிர அவள் வேறு ஒன்றும் செய்யவில்லை, அதற்கு இந்த வட்டாரம் அவளுக்குக் கொடுக்கிற மரியாதை ஒரு டாக்டருக்குக் கிடைக்காது. திருவாலங்காட்டு ஸ்டேஷனில் இறங்கி, வழி கேட்டுக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி வருகிறவர்களை நீயே பார்த்திருக்கிறாய். அவள் கட்டிலில் உட்கார்ந்தபடி காலை நீட்டுவாள், வந்தவர்கள் தரையில் படுப்பார்கள். அவள் சுளுக்கு என்று சொல்லிவிட்டால் அது சுளுக்குதான். இல்லை என்று சொன்னால் அது நோயைப் பற்றிய பேச்சாகாது, அவள் பிறப்பையே குறை சொன்னதாகிவிடும். பிறகு உன் நைனா என்னோடு பேச மாட்டார். சொந்த அக்காளின் காலில் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

ஆக நான் பாயில் குப்புறப் படுத்தேன், நாத்தனார் என் பிடரியில் குதிகாலை வைத்தாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, அறுவடை முடிந்து கோடை வந்து போகும்வரை. வலியில் நான் கத்தினால், "உடுதுடி, உடுது. கெட்ட ரத்தம் எறங்குது, அதான் நோவுது" என்பாள். கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டால், "பாத்தியா, கொறஞ்சிடிச்சி" என்பாள். எப்படிப் போனாலும் அவளுக்குத்தான் ஜெயம். சாயங்காலமானால் எனக்கு உடம்பு கதகதவென்று இருக்கும், ரவிக்கை தொளதொளவென்று ஆயிற்று. படுத்து எழுந்திருக்கும்போது தலை தன் பலத்தில் வராது. இரண்டு கையாலும் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பேன். அதைப் பார்த்து உன் அத்தை தெருவெல்லாம் சொன்னாள்: "தலையில கிரீடம் வெச்சிகினு கீறா எங்க ஊட்டு மகாராணி. கீய உய்ந்துடுமாம்!" உன் நைனாவும் சிரித்தார்.

சிரித்தாலும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, ஒருநாள் என்னைத் திருவள்ளூருக்கு டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டரின் பெயர் எதற்கு, கோட்டுப் போட்டிருந்தார், அது போதும். நோய் எனக்கு என்பது அவருக்குக் கடைசிவரை தெரிந்ததாகத் தோன்றவில்லை. கேள்வியெல்லாம் உன் நைனாவிடம். "சம்சாரத்துக்குப் பசி எப்படி? தூக்கம் எப்படி?" உன் நைனாவுக்கு என்ன தெரியும், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். டாக்டர் என் கழுத்தைத் தொடவே இல்லை. வாயைத் திற என்றார், உள்ளே எட்டிப் பார்த்தார், பல்லின் வேரில் சீழ் இருந்தால் அதன் விஷம் கழுத்துக்கு இறங்கும் என்று சீமையில் கண்டுபிடித்திருப்பதாக உன் நைனாவுக்கு விளக்கினார். முறுக்கு கடிக்கிற கடைவாய்ப் பல் இரண்டையும் அன்றைக்கே பிடுங்கினார். அவற்றின் வேரில் சீழும் இல்லை, சொத்தையும் இல்லை. அதைப் பார்த்த பிறகும் அந்த மனிதர் முகத்தில் ஒரு மாற்றம் வரவில்லை. தேய்க்க ஒரு தைலமும் குடிக்க ஒரு சிவப்புத் தண்ணீரும் கொடுத்து அனுப்பினார். அத்தைக்காவது படிப்பில்லை என்று ஒரு சமாதானம் உண்டு. இவர் சுவரில் சட்டம் போட்ட சர்டிபிகேட் தொங்கியது.

திரும்பி வரும்போது ரயிலில் நான் உன் நைனாவிடம் சொன்னேன், பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "படம் எடுத்தா அவன் எதையாவுது எய்தி குட்த்துடுவான். சயரோகம்னு எய்தி குட்த்தான்னா? நாளிக்கி புள்ளிக்கி எவன் பொண்ணு குடுப்பான்? சுளுக்குன்னா சுளுக்காவே இருந்துட்டுப் போவட்டும்" என்றார். மகனே, அந்த வார்த்தையை முதலில் வாயில் எடுத்தவர் அவர்தான், டாக்டர் இல்லை. அவருக்கு உள்ளூரச் சந்தேகம் இருந்திருக்கிறது. சந்தேகம் இருந்தும் அக்காளின் காலுக்குக் கீழே என்னைப் படுக்க வைத்தார், ஏனென்றால் சுளுக்கு என்ற பெயரில் நோய் இருந்தால் ஊருக்குச் சொல்லலாம். அவரை நான் வெறுக்கவில்லை. ஆனால் அந்த ரயில் பெட்டியில் அவரைப் பற்றி எனக்கிருந்த மதிப்பில் ஒரு பெரிய பங்கு இறங்கிப் போயிற்று, இன்றுவரை அது திரும்பி ஏறவில்லை.

பிறகு ஒருநாள் கிணற்றடியில் குடத்தைத் தூக்கினேன். தூக்கியதாகத்தான் நினைத்தேன். குடம் கல்மேல் விழுந்து உருண்ட சத்தம் கேட்டுத்தான் கையில் குடம் இல்லை என்று தெரிந்தது. விரலில் உணர்ச்சியே இல்லை, கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளியது போல இருந்தது. அப்போது எனக்கு வந்த பயம் பிரசவத்தில்கூட வந்ததில்லை. உன் அத்தையிடம் ஆள் போயிற்று. அவள் வந்து பார்த்துவிட்டு, சுளுக்கு கழுத்திலிருந்து கைக்கு இறங்கிவிட்டது, இனி கையையும் மிதிக்க வேண்டும் என்றாள். அந்த நிமிஷம் முடிவு செய்தேன், இவர்கள் யாரிடமும் இனி கேட்பதில்லை என்று. அமாவாசைக்குத் திருவள்ளூர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வருகிறேன், நோய் கரையட்டும் என்று வேண்டுதல் என்றேன். சாமி காரியத்துக்கு இந்த வீட்டில் யாரும் தடை சொல்வதில்லை. படம் எடுக்கக் கொடுக்காத உத்தரவை வெல்லம் கரைக்க உடனே கொடுத்தார்கள். உன் அத்தை நல்ல மண்டை வெல்லமாகப் பார்த்து அவளே கட்டிக் கொடுத்தாள்.

திருவள்ளூரில் கூட்டமெல்லாம் இறங்கியது. நான் இறங்கவில்லை. வெல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு, பட்டணம்வரை உட்கார்ந்தே போனேன். உன் ஹாஸ்டலுக்கு வந்திருக்கலாம். வரவில்லை, நீயும் உன் நைனாவின் பிள்ளைதான் என்று ஒரு எண்ணம், அது தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. ஆஸ்பத்திரியில் விசாரித்து விசாரித்துப் போய் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு குழந்தை ஓயாமல் அழுதது, வெல்லத்தை உடைத்து அதற்குக் கொடுத்தேன். என் முறை வந்து பெஞ்சிலிருந்து நான் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது, மேஜையில் எழுதிக்கொண்டிருந்த பெரிய டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "அப்படியே நில்லுங்க, அசையாதீங்க" என்று அவரே எழுந்து வந்தார். பிடரியில் ஒரு விரலை மெல்ல வைத்தார். வைத்த இடத்தில் நான் கத்திவிட்டேன். உடனே என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துப் படம் எடுக்க அனுப்பினார்கள்.

படம் வந்ததும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எனக்கு என்ன தெரியும், வெள்ளையும் கறுப்புமாக இருந்தது. "இது சுளுக்கு இல்லம்மா, எலும்புல டி.பி. க்ஷயம்னு சொல்வாங்களே, அதுதான். நெஞ்சுல வர்றது உங்களுக்குக் கழுத்து எலும்புல வந்திருக்கு. எலும்பு அரிச்சுப்போய் நரம்பை அழுத்துது. இத்தனை நாள் என்ன வைத்தியம் பண்ணீங்க?" என்றார். "என் நாத்தனா காலால மிதிச்சாங்கய்யா" என்றேன். அவருக்குக் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். படத்தை மேஜைமேல் வைத்தார். பிறகு, "இன்னும் கொஞ்ச நாள் மிதிச்சிருந்தா கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே வேலை செஞ்சிருக்காது. உங்களை அப்படியே தூக்கிட்டு வந்திருப்பாங்க" என்றார். மருந்து இருக்கிறது, ஊசி இருக்கிறது, குணமாகும், ஆனால் இன்றைக்கே படுக்க வேண்டும், எழுந்திருக்கக் கூடாது என்றார். நான் அழுதேன். நோய் வந்ததற்காக இல்லை. அதற்கு ஒரு பேர் இருக்கிறது, அதை ஒரு மனுஷன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான் என்பதற்காக அழுதேன்.

அதற்கப்புறம் நடந்ததை நீயும் பார்த்தாய். தலையின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை. பிறகு நெற்றியிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு, முகம் மட்டும் வெளியே. தினமும் ஊசி, வாயில் வைக்க முடியாத கசப்பில் மருந்து. புரட்டாசி வெயிலில் கட்டுக்குள்ளே ஊறும் அரிப்பை எந்த எதிரிக்கும் நான் வேண்ட மாட்டேன். உன் நைனா முதல் தடவை வந்தபோது மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு கட்டிலுக்கு ஒரு கட்டில் தள்ளி நின்றார். நீ சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தாய். உரித்துச் சுளை சுளையாக என் வாயில் வைத்தாய். அதை மறக்கவில்லை, எழுதாமல் விட்டால் நான் மனுஷி இல்லை. ஆனால் கூட வந்த உன் சிநேகிதன் வாசலில் நின்று என்ன நோய் என்று கேட்டபோது, "மாடிப்படியில விழுந்துட்டாங்க" என்றாய். எனக்குக் கழுத்துதான் திரும்பவில்லை, காது நன்றாகக் கேட்டது. நம் வீட்டில் மாடியே கிடையாது.

ஊருக்குத் திரும்பினேன். எலும்பு ஒட்டிக் கூடிவிட்டது. கழுத்து வலப்பக்கம் கொஞ்சம் திரும்பும், இடப்பக்கம் திரும்பவே திரும்பாது, மேலும் கீழும் அசையாது. அதுவரை நான் இந்த வீட்டில் தலையை ஆட்டியே குடும்பம் நடத்தியவள். அவர் சொன்னால் ஆட்டுவேன், அக்காள் சொன்னால் ஆட்டுவேன். இனி ஆட்ட முடியாது, சரி என்றாலும் வேண்டாம் என்றாலும் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்தேன். வேண்டாம் என்பதைத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருந்தது. அதைத்தான் உன் நைனா ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து திமிர் பிடித்துவிட்டது என்கிறார். என் டம்ளரையும் தட்டையும் ஜன்னலில் தனியாக வைத்தார்கள். டாக்டர் தொற்றாது என்று சொல்லி அனுப்பியும் வைத்தார்கள். உன் அத்தையோ, தான் மிதித்து மிதித்துச் சுளுக்கைப் பதப்படுத்தி வைத்திருந்ததாகவும், பட்டணத்து டாக்டர்கள் கடைசியில் கட்டுப் போட்டுப் பேர் வாங்கிக்கொண்டதாகவும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் வாசலில் கூட்டம் குறையவில்லை, கூடியிருக்கிறது. இவள் மிதித்துவிட்ட தம்பி பெண்டாட்டிதான் பட்டணம் போய்க் குணமானாள் என்று ஒரு விளம்பரம் வேறு.

இப்போது உன் விஷயம். உனக்கு வந்திருப்பது என் நோய்தான் என்று நான் சொல்லவில்லை. நாளெல்லாம் பைலைக் குனிந்து பார்க்கிறவன் நீ, வெறும் பிடிப்பாகவே இருக்கலாம். பிடிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றி வேண்டிக்கொண்டுமிருக்கிறேன். ஆனால் அது என்ன என்று சொல்ல வேண்டியது நானும் இல்லை, நீயும் இல்லை, கால் முதலில் வந்து பிறந்தவளும் இல்லை. சாயங்காலம் உடம்பு சுடுகிறதா? இளைத்திருக்கிறாயா? எழுந்திருக்கும்போது தலையைக் கையால் தாங்குகிறாயா? விரல் மரத்துப் போகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் இந்தக் கடுதாசியைப் படித்து முடிக்காமல் கிளம்பு. ஒன்றும் இல்லை என்றாலும் கிளம்பு. யாரையும் கழுத்தை நீவவோ நெட்டி எடுக்கவோ விடாதே, உன் ரூமில் இருக்கிறவன் தைலம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று சொன்னால் அவனையே தேய்த்துக்கொள்ளச் சொல். டாக்டர் கேட்டால் உன் அம்மாவுக்கு என்ன வந்தது என்று முழுப் பெயரோடு சொல். மாடிப்படி என்று சொல்லாதே, மாடிப்படிக்கு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

நீ ஏன் போகவில்லை என்றும் எனக்குத் தெரியும். உன் அத்தையே அதையும் சொன்னாள்: "இப்போ படம் கிடம் எட்த்தா மீஞ்சூர்க்காரங்க காதுக்குப் பூடும், கண்ணாலம் ஆவட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னான்." கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம்! ஒரு பெண்ணைக் கழுத்தில் தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு வந்து, அப்புறம் உன் கழுத்தைக் காட்டுவாயாம். உன் நைனா பெண்டாட்டியிடம் செய்ததை நீ வரப்போகிற பெண்டாட்டியிடம் செய்யப் பார்க்கிறாய். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், நீ படித்தவன், அதனால் இன்னும் நேர்த்தியாகச் செய்கிறாய். இதைப் படிக்கும்போது உனக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

உன் காரணத்தை நான் எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை வண்டியில் பட்டணம் போய், அங்கே வண்டி மாறி மீஞ்சூரில் இறங்கினேன். உன் நைனாவிடம் மீஞ்சூருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டே போனேன், வெல்லம் கட்டிக்கொண்டு போகவில்லை. பெண்ணைப் பெற்ற அம்மாள் என்னைத் தனியாகப் பார்த்ததும் திகைத்து, பாய் போட்டு, மோர் கொடுத்தாள். பெண்ணின் நைனா உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், காலில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. இருவரையும் உட்காரச் சொல்லிச் சொன்னேன். எனக்கு வந்தது க்ஷயம், எலும்பில் வந்தது, ஆஸ்பத்திரியில் குணமாயிற்று, இந்தக் கழுத்து அதனால்தான் திரும்பாது, சுளுக்கு என்று எங்கள் வீட்டார் உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய் என்றேன். என் பிள்ளைக்கும் சில மாசமாகக் கழுத்து வலி இருக்கிறது, என்ன என்று தெரியாது, படம் எடுத்துப் பார்க்காமல் முகூர்த்தம் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன் என்றும் சொன்னேன்.

அந்த அம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வந்து சொன்னீங்களே, அதுவே பெருசும்மா. யோசிச்சிச் சொல்லி அனுப்புறோம்" என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கல்யாணம் நின்று போகலாம். நின்றால் நிற்கட்டும் என்று வாயால் சொல்லிவிடுகிறேனே தவிர, வாசலில் இறங்கியும் மனசு அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தது. உனக்குப் பிடித்த பெண் என்று எனக்குத் தெரியும். பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு நீ சாப்பிடும்போது உப்பில்லாத குழம்பைக் கவனிக்காமல் சாப்பிட்டாயே, நான் பார்த்தேன்.

வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டேன். பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம். நான் தலையை மட்டும் திருப்பிப் பார்க்க முடியாதே, முழு உடம்போடு திரும்பினேன். அந்தப் பெண். கையில் மாவு ஒட்டிக்கொண்டிருந்தது, வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது. வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, அவுருக்கு எந்தப் பக்கம் நோவுது?"

பெற்றவள் நான், உன் கழுத்தில் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உன் அத்தையிடம் சண்டை போட்டேன், உன் நைனாவிடம் சண்டை போட்டேன், உன்னைத் திட்டுவதற்கு ரயிலில் போகும்போதே வரி வரியாக மனசுக்குள் எழுதினேன். இந்த ஒன்றைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண் உன்னை ஒரே ஒரு நாள், அதுவும் தலை குனிந்து பார்த்தவள். கேட்டுச் சொல்கிறேன் கண்ணு என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் அப்பன் எதை யோசித்து எதைச் சொல்லி அனுப்பினாலும், அவளுக்கு நான் கொடுத்த வாக்கு அது.

திங்கட்கிழமை காலை வண்டியில் சென்ட்ரலில் வந்து இறங்குகிறேன். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு பிளாட்பாரத்தில் நில். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. நீ வரவில்லை என்றால் நான் உன் ஆபீசுக்கு வருவேன், உன் மேனேஜர் எதிரில் நின்று கேட்பேன், எனக்கு மெதுவாகப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். வா. வந்து என் கையைப் பிடித்து உன் கழுத்தில் வைத்து, எந்தப் பக்கம் என்று காட்டு.

உன் அம்மா